நாற்பத்திரண்டாவது ஆள்

மாதாங்குடிக்காரர்கள் இதை அதிசயம் என்று சொல்வதில்லை. கிணறு வற்றிய வருஷம், தேர் அச்சு முறிந்த வருஷம் என்று சொல்வதுபோல, செத்துப்போன சந்தியாகு கொசுவாக வந்து கூட நடந்த வருஷம் என்று போகிற போக்கில் சொல்வார்கள். கேட்கிற வெளியூர்க்காரர் வாயைப் பிளந்தால், இதற்குப் போய் இப்படியா என்று அவரைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அந்த ஊரில் இதை நினைத்து நினைத்து உடம்பு இளைத்தவர் ஒரே ஒருத்தர், இன்னாசிமுத்து. ஐம்பத்தாறு வயசு, பஸ் டெப்போவில் டைம் கீப்பர் வேலை.

வேளாங்கண்ணியில் கொடியேறுவதற்கு முந்தின நாள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று ஆகஸ்ட் மாதம் பாதி தாண்டியதும் மாதாங்குடியிலிருந்து ஒரு கூட்டம் காவி கட்டிக்கொண்டு வெறுங்காலோடு கிளம்பும். ஒன்பது நாள் நடை. முன்னால் சமையல் பொறுப்பைப் பார்க்கிற பெரியநாயகத்தின் குட்டி லோடு வண்டி அண்டா, அரிசி மூட்டை, படுதா எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அடுத்த தங்கலுக்குப் போய் அடுப்பு மூட்டும்; பின்னால் சக்கரம் வைத்த சின்னச் சப்பரத்தில் மாதா வருவாள்; மாதாவுக்குப் பின்னால் ஜனம் வரும். இந்த மூன்றையும் ஒன்பது நாளும் கட்டி இழுத்துப் போவது இன்னாசிமுத்துவின் நடைச்சீட்டு. சாயங்கால ஜெபமாலை முடிந்ததும் அவர் சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, மாதாவைப் பார்த்தபடி நின்று மறுநாள் திட்டத்தை வாசிப்பார்: எத்தனை மணிக்கு எழுவது, எத்தனையாவது கிலோமீட்டரில் வரக்காப்பி, எந்த ஊர்க் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், எந்த ஊர் நாய் பொல்லாதது, வெயிலுக்கு எங்கே படுப்பது, சாயங்காலம் எத்தனை மணிக்கு மறுபடி காலை எடுத்து வைப்பது என்று டெப்போவில் பஸ்ஸை அனுப்புகிற அதே குரலில் வாசிப்பார்.

சீட்டின் கடைசி நாலு வரி எப்போதும் கொசுவுக்கு. காலில் வருகிற கொப்புளம்கூட மூன்றாம் நாள் பழகிவிடும், கொசு பழகாது. மாதாங்குடி வறண்ட ஊர். ஏரியும் வாய்க்காலும் நாற்றங்காலுமாகக் கிடக்கிற கீழ்ச்சீமைக் கொசுக்களுக்கு இந்த நாற்பது சொச்சம் பேரின் ரத்தம் வருஷத்துக்கு ஒருமுறை வருகிற கல்யாணச் சாப்பாடு. அதனால் இன்னாசிமுத்து நிறுத்தி நிதானமாக வாசிப்பார்: நாளைக்குத் தங்கல் வாய்க்கால் ஓரம், வேப்பெண்ணெயும் தேங்காயெண்ணெயும் பாதிப் பாதி கலந்து முழங்காலுக்குக் கீழே இரண்டு தடவை, நொச்சித் தழை இரண்டு கட்டு பெரியநாயகம் பொறுப்பு, சுருள் ஆறு, அதில் நாலு தலைமாட்டில், இரண்டு கால்மாட்டில், பொழுது சாய்கிற நேரத்தில் யாரும் குளிக்கப் போகக் கூடாது. கடைசியில் எல்லோரும் "ஆமென்" என்பார்கள்.

அந்த ஆமென்தான் பெரிய விஷயம். மாதா முன்னால் வாசித்து ஆமென் சொல்லிவிட்டால் சீட்டை மாற்றக் கூடாது என்பது மாதாங்குடி வழக்கம். யார் எப்போது வைத்தது என்று ஒருவருக்கும் தெரியாது, மீறிப் பார்த்தவரும் கிடையாது. ஒரு வருஷம் நாலு மணிக்குக் கிளம்புவதாக வாசித்துவிட்டார்கள் என்பதற்காக, இடி மின்னலோடு கொட்டுகிற மழையில் சாப்பாட்டுத் தட்டைத் தலைக்குமேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அத்தனை பேரும் நடந்திருக்கிறார்கள். தன்னுடைய கையெழுத்து மாதாவின் கட்டளையாகிவிடுகிற அந்த நேரத்தில் இன்னாசிமுத்துவுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும், அதை மறைக்க அவர் கண்ணாடியை இன்னொரு தடவை துடைப்பார்.

போன வருஷம் நாற்பத்திரண்டு பேர் நடந்தார்கள். நாற்பத்திரண்டாவது ஆள் சந்தியாகு, கொத்தனார். செங்கல் சுமந்து சுமந்து இடது தோள் ஒரு பக்கமாக இறங்கிப்போன மனிதன். பிந்துகிறவர்களைப் பார்த்துக் கூட்டிவருவதற்காக எப்போதும் வரிசையின் கடைசியில் வருவான். பெண்சாதி மதலேனாளுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்து பிழைத்து எழுந்ததற்காக மூன்று வருஷம் நடப்பதாக நேர்ந்துகொண்டவன், அது மூன்றாவது வருஷம். ஐந்தாம் நாள், அணைக்கரை தாண்டி ஒரு ஓட்டுக் கொட்டகையில் வெயிலுக்குப் படுத்திருந்தபோது, சாயங்கால நடைக்கு அரை மணி இருக்கையில், அவன் இன்னாசிமுத்துவின் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். வண்டியில் ஏறிப் போனால் நேர்ச்சை கெட்டுவிடும், அதனால் அதை அவன் கேட்கவில்லை.

"அண்ணே, ஒடம்பு நெருப்பா கொதிக்குது. இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் இங்கயே தங்கிட்டுப் போலாமாண்ணே? காலையில மொத ஆளா நானே எழுந்து நடந்துர்றன்" என்றான்.

இன்னாசிமுத்து அவன் நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "சீட்டு வாசிச்சாச்சு சந்தியாகு. மாத்திரையப் போட்டுகினு மெதுவா பின்னால வா" என்றார். சந்தியாகு "சரிண்ணே" என்று சொல்லி எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். அன்று பதின்மூன்று கிலோமீட்டர். தங்கலில் ஒன்று, இரண்டு என்று ஆள் எண்ணிக்கை சொல்லி வந்தபோது நாற்பத்தொன்றோடு நின்றுவிட்டது. திரும்பிப் போய்த் தேடினால் ஒரு மதகின்மேல் கால் இரண்டையும் தொங்கவிட்டுச் சாய்ந்து கிடந்தான். கொசுக்காய்ச்சல் முற்றிப்போய்விட்டது என்றார்கள். நினைவு திரும்பாமலே மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போனது.

ஊரிலிருந்து பஸ் பிடித்து ஓடி வந்த மதலேனாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் இன்னாசிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் மாமா, காய்ச்சலோட நடந்தவர ஒருத்தருகூட நில்லுன்னு சொல்லலியா?" என்று கேட்டாள். "நான் சொன்னம்மா. தங்கிக்கடா தங்கிக்கடான்னு எவ்வளவோ சொன்னன். அவன்தான் கேக்கல" என்றார் இன்னாசிமுத்து. அந்த வார்த்தை எங்கேயிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. வந்த பிறகு அதைத் திரும்ப உள்ளே தள்ள வழி தெரியவில்லை. மதலேனாள் அவர் கையை விட்டுவிட்டு உள்ளே கிடந்த கட்டிலைப் பார்த்துத் திட்ட ஆரம்பித்தவள்தான், வருஷம் முழுக்கத் திட்டினாள். அடுப்பு ஊதும்போது திட்டினாள், கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டே திட்டினாள். எனக்காக நடக்கிறேன் என்று போய், பெரியவர் சொன்னதையும் கேட்காமல் பிடிவாதம் பிடித்து, என்னையே நடுத்தெருவில் விட்டுப் போன மனுஷன் என்று அவள் பேசும்போதெல்லாம் இன்னாசிமுத்து அந்தத் தெருவில் போகாமல் குளக்கரையைச் சுற்றிக்கொண்டு டெப்போவுக்குப் போனார். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்கால் போட்டபோதும், டெப்போவில் இரண்டு தடவை கோபப்பட்டதை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

இந்த வருஷம் கிளம்பியவர்கள் நாற்பத்தொரு பேர். அதில் மதலேனாளும் ஒருத்தி. மூன்றாம் வருஷ நேர்ச்சை பாதியில் நிற்கக் கூடாது, மிச்சத்தை நான் நடக்கிறேன் என்று வந்துவிட்டாள். மூன்றாம் நாள் பொழுது சாய்கிற நேரம் கூட்டம் வீராணம் ஏரிக்கரைமேல் போய்க்கொண்டிருந்தது. ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர், மறுபக்கம் வயல், நடுவில் கொசுவோ கொசு, வாயைத் திறந்து அருள்நிறை மந்திரம் சொல்ல முடியாத அளவுக்குக் கொசு. கரையோரப் புளியமரத்தடியில் நின்று எண்ணிக்கை சொன்னார்கள். கடைசியாக வந்த ஜெசிந்தா, டீச்சர் ட்ரெயினிங் படிக்கிற பெண், "நாப்பத்தொண்ணு" என்று சொல்லி வாயை மூடியதும், அவளுக்குப் பின்னாலிருந்து ஙொய்ய்ய் என்று ஒரு நீளமான சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தார்கள். ஏரிக் கொசு அத்தனையும் ஒன்றுகூடி ஒரு ஆள் உயரத்துக்கு, ஒரு ஆள் அகலத்துக்கு, இடது தோள் ஒரு பக்கமாக இறங்கி நின்றுகொண்டிருந்தது.

"சந்தியாகு மாமா" என்றாள் ஜெசிந்தா. வரக்காப்பிக்காக அங்கே வண்டியை நிறுத்தியிருந்த பெரியநாயகம் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, அதை உற்றுப் பார்த்துவிட்டு மறுபடி கட்டிக்கொண்டார். "அட, அவந்தான். சரி, நேரமாவுது, நடங்க" என்றார். நடந்தார்கள். அதுவும் நடந்தது.

அவன் வந்த முதல் ராத்திரியே ஒரு விஷயம் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. வழியில் இருக்கிற கொசு அவ்வளவும் சந்தியாகுவில் போய்ச் சேர்ந்துவிடுவதால் தங்கலில் கடிக்கக் கொசு இல்லை. எண்ணெய் பூசாமல், புகை போடாமல், காதில் துணி அடைக்காமல், நாற்பத்தொரு பேரும் சொந்த வீட்டில் தூங்குவதுபோலத் தூங்கினார்கள். சேர்ந்துவிட்ட கொசு யாரையும் கடிக்கவில்லை. ஈர நிலமாக வரவர சந்தியாகு பருத்துக்கொண்டே போனான், உயிரோடு இருந்தபோது வராத தொப்பை அணைக்கரையில் வந்தது, அதைப் பார்த்துக் கூட நடந்த கொத்தனார் சங்கத்து ஆட்கள் கேலி பண்ணினார்கள். அந்த மதகைக் கடக்கும்போது மட்டும் எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள், சந்தியாகு நிற்காமல் தாண்டிப் போனான். சப்பரத்தைத் தள்ளும் முறை மாறும்போது அவன் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டார்கள். சாப்பாட்டு வரிசையில் அவனுக்கும் ஒரு இலை போட்டார்கள், அவன் இலையின்மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்துகொண்டான்.

பகலில் அவனை எங்கே வைப்பது என்பதுதான் சிக்கலாக இருந்தது. வெயில் பட்டால் கொசு தாங்காது. பெரியநாயகம் இரண்டு நாள் யோசித்து, சாம்பார் வைக்கிற பெரிய அண்டாவைக் காலி பண்ணி, வாயில் ஈரச் சாக்கைக் கட்டி, "உள்ள போயிரு சந்தியாகு, சாயந்திரம் தொறந்து வுடறன்" என்றார். அது முதல் அண்டா லோடு வண்டியில் மெல்ல ஙொய்யென்று சொல்லிக்கொண்டே வந்தது. சாம்பாருக்குப் பாத்திரம் இல்லாமல் போனதால் வேளாங்கண்ணி வரைக்கும் ரசம்தான், இதில் மட்டும் சிலருக்கு வருத்தம்.

வழியிலுள்ள ஊர்க்காரர்களும் விஷயத்தைத் தெரிந்துகொண்டார்கள். உங்கள் ஆளை எங்கள் தெரு வழியாக ஒரு சுற்று அழைத்துப் போங்கள், எங்கள் கொசுவும் சேர்ந்துகொள்ளட்டும், குழந்தைகள் தூங்கட்டும் என்று பானகமும் சுண்டலும் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மயிலாடுதுறைக்கு முன்னால் ஒரு பேரூரில் சுகாதார மேஸ்திரி ஒருவர் புகை மருந்து மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து ரோட்டை மறித்து நின்றார். இவ்வளவு கொசுவை ஒன்றாக ஊருக்குள் கொண்டுவர எந்தச் சட்டத்திலும் இடமில்லை என்றார். மதலேனாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மெஷினுக்கும் சந்தியாகுவுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"அடிங்க. மொதல்ல எம்மேல அடிங்க. உசுரோட இருந்தப்பதான் இந்தாளு யாரு பேச்சையும் கேக்காம போனாரு, இப்பவாச்சும் வரிசையில ஒழுங்கா வராரு, அது உங்களுக்குப் பொறுக்கலியா?"

மேஸ்திரி சந்தியாகுவை மேலும் கீழும் பார்த்தார். மெஷினைக் கீழே வைத்தார். பெரியநாயகம் கொடுத்த ரசம் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஏங்க, இவரு அப்படியே பதினோராவது வார்டு பக்கம் வருவாரா? அங்க ஒரு சாக்கடை என் மானத்த வாங்குது" என்று கேட்டார். சந்தியாகு போனான், ஒரு சுற்றுப் பெருத்துத் திரும்பி வந்தான்.

இதெல்லாம் நடக்க நடக்க இன்னாசிமுத்து ஒவ்வொரு வேளையும் இலையைப் பாதியில் மூடிவிட்டு எழுந்தார். சந்தியாகு தன்னைக் காட்டிக்கொடுக்க வந்திருக்கிறான் என்றுதான் முதல் நாள் நினைத்தார். ஒவ்வொரு தடவை எண்ணிக்கை சொல்லும்போதும் அந்த ஙொய் சத்தம் வார்த்தையாக மாறி நடந்ததைச் சொல்லிவிடப் போகிறது என்று பயந்து நின்றார். அது வார்த்தையாகவில்லை. சீட்டு வாசிக்கும்போது மற்றவர்களைப் போலவே சந்தியாகுவும் ஒரு ஓரமாக நின்று கேட்டான், ஆமென் நேரத்தில் கொஞ்சம் பலமாக இரைந்தான். அவன் நல்லபடியாக நடந்துகொள்ள நடந்துகொள்ள அவர் அவனை விட்டுத் தள்ளித் தள்ளி நடந்தார். அவன் கோபமாக வந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

மதலேனாள் பாட்டுக்கு அவன் பக்கத்திலேயே நடந்து, திட்டிக்கொண்டே வந்தாள். கொப்புளம் வந்ததற்குத் திட்டினாள், காலைக் காப்பி ஆறிப்போனதற்குத் திட்டினாள், திட்டு எங்கே சுற்றினாலும் ஒரே இடத்தில் வந்து முடியும்: "மாமா அவ்வளவு தூரம் தங்கிக்கோன்னு சொன்னாரே, ஒரு வார்த்த கேட்டியா? என்னவிட உனுக்கு உன் வீம்புதானே பெரிசு?" கொசுக்கூட்டம் தலை இருக்கிற இடத்தை லேசாகக் குனிந்துகொள்ளும். சப்பரத்துக்கு முன்னால் நடக்கிற இன்னாசிமுத்துவுக்கு அவள் குரல் அத்தனையும் கேட்கும். தன் குற்றத்தைச் செத்தவன் தலையில் வைத்ததும் அல்லாமல், அவன் குனிந்து அதைச் சுமந்து வருவதையும் பார்த்துக்கொண்டு வேளாங்கண்ணி வரைக்கும் நடக்க வேண்டுமா என்று மாதாவைக் கேட்டார். மாதா சப்பரத்தில் ஆடிக்கொண்டு வந்தாள்.

ஏழாம் நாள் மத்தியானம் எல்லோரும் ஒரு பள்ளிக்கூட வேப்பமர நிழலில் படுத்திருந்தபோது அவர் தனியாக லோடு வண்டிக்குப் போனார். அண்டாவின் வாயில் கட்டியிருந்த சாக்கை ஒரு பக்கம் விலக்கி, சட்டைக் கையைச் சுருட்டி, கையைத் தோள்வரைக்கும் உள்ளே விட்டார். "கடிடா. எத்தன வேணுமோ கடிச்சிக்க. உனக்கு வந்தது எனுக்கும் வரட்டும்" என்றார். உள்ளே இருட்டில் ஒரு சின்னச் சலசலப்பு கேட்டது. கையைச் சுற்றி இருந்த கொசுவெல்லாம் இரண்டு பக்கமும் நகர்ந்து, பஸ்ஸில் பெரியவருக்கு இடம் விடுகிற மாதிரி, அவர் கைக்கு இடம் விட்டன. ஒன்றுகூட மேலே உட்காரவில்லை. அவர் கையை வெளியே எடுத்துச் சாக்கைப் பழையபடி கட்டிவிட்டு, பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் பின்னால் போய் நின்று அழுதார்.

எட்டாம் நாள் திருவாரூர் தாண்டிக் கீழ்வேளூர் பக்கம் போகும்போது கடல் காற்று வந்துவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் வாசித்த சீட்டில் அன்று மாலை பன்னிரண்டு கிலோமீட்டர் என்று இருந்தது. ஐந்தரைக்கு அண்டாவைத் திறந்து விட்டார்கள், சந்தியாகு இறங்கி வரிசையின் கடைசிக்குப் போனான். நூறு அடி நடப்பதற்குள் ஒரு காற்று வந்து அவன் வலது கையைப் பிய்த்துக்கொண்டு போய்க் கருவேல முள்ளில் மாட்டியது. கை திரும்பி வந்து சேர்ந்தது, அடுத்த காற்றில் கால் போனது. அவன் நின்றான், ஒன்றுசேர்ந்தான், நாலு எட்டு வைத்தான், மறுபடி உதிர்ந்தான். வயல் வரப்பில் ஆயிரக்கணக்கில் விழுந்து கிடந்த கொசுவைப் பார்த்து மதலேனாள் முதல் தடவையாகத் திட்டாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெசிந்தா முன்னால் ஓடி வந்தாள். "பெரியப்பா, அவரால முடியல பெரியப்பா. இன்னைக்கு ஒரு ராத்திரி இங்கயே தங்கிட்டுப் போலாமா? விடியக்காலம் காத்து அடங்கிரும்."

"சீட்டு வாசிச்சாச்சு" என்றார் இன்னாசிமுத்து.

இருபது வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன வாய், அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அது தன் காதில் விழுந்து அவர் நடுரோட்டில் அப்படியே நின்றார். சப்பரமும் நின்றது. ஜனம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தது. மாதா என்ன செய்வாளோ, காலங்கால வழக்கம் என்ன ஆகுமோ என்று ஒரு பெரிய விவாதம் கிளம்பும், யாராவது கூடாது என்பார்கள், அந்தக் கூடாது என்கிற ஒரு குரல் வந்துவிட்டால் போதும், போன வருஷம் தான் செய்ததற்கும் ஒரு நியாயம் கிடைத்துவிடும் என்று இன்னாசிமுத்து ஒரு நொடி ஆசையோடு காத்திருந்தார். அந்த ஆசையை நினைத்து அவர் இன்றைக்கும் வெட்கப்படுகிறார்.

லோடு வண்டியிலிருந்து தலையை நீட்டி என்ன சங்கதி என்று விசாரித்த பெரியநாயகம், "அதுக்கென்னா, தங்கிட்டுப் போலாம்" என்றார். "வாசிச்சா என்னா இன்னாசி, மாதாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வேற எழுதி வாசி. அவ என்னா உங்க டெப்போ மேனேஜரா, மெமோ குடுக்க?" எல்லோரும் சிரித்தார்கள். நாற்பது வருஷமாக நடக்கிற கிழவர் ஒருத்தர், "நல்லதாப் போச்சு, எனுக்கும் முட்டி வலி" என்றார். சப்பரத்தைத் திருப்பி, ரோட்டோரத்தில் இருந்த நெல் கொட்டகைக்குள் தள்ளினார்கள். பெண்கள் படுதாவைக் காற்றுக்கு மறைப்பாகக் கட்டினார்கள். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. இருபது வருஷத்தில் மாறாத சீட்டு மாறிவிட்டது, மாதாவுக்கு முகம் மாறவில்லை.

அவ்வளவு சுலபம் அது. இன்னாசிமுத்து கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். போன வருஷமும் யாரையாவது கேட்டிருந்தால் இதே சிரிப்பு, இதே முட்டி வலி, இதே படுதா. அவன் அவரிடம் மட்டும் கேட்டான், அவர் மட்டும் பதில் சொன்னார்.

வெளிச்சம் முழுக்கப் போவதற்குள் எழுந்து மதலேனாளிடம் போனார். அவள் கம்பத்தில் கட்டிய ஈரச் சாக்கின்மேல் சந்தியாகுவை உட்காரவைத்து, முந்தானையால் காற்றை மறித்து நின்றுகொண்டிருந்தாள். இன்னாசிமுத்து மாற்றிச் சொல்லவில்லை, குறைத்துச் சொல்லவில்லை. தங்கச் சொன்னதாகத் தான் சொன்னது பொய், தங்கிப் போகலாமா என்று கேட்டது அவன், முடியாது என்றது தான், வராந்தாவில் அவள் கை பட்டதும் பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னது, பிறகு ஒரு வருஷம் குளக்கரையைச் சுற்றிப் போனது, எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் அடிப்பாள் என்று நினைத்தார். கூட்டத்தைக் கூப்பிடுவாள் என்று நினைத்தார். அவள் நகராமல் அதே இடத்தில் நின்று, "என்னா வார்த்தையில கேட்டாரு?" என்றாள்.

"என்னம்மா?"

"எங்கூட்டுக்காரரு. எப்பிடிக் கேட்டாரோ அப்பிடியே சொல்லுங்க. ஒண்ணும் வுடாதீங்க."

இன்னாசிமுத்து சொன்னார். வருஷம் முழுக்க ஒரு நாளும் அவரை விடாத வார்த்தைகள், ஒன்றும் விடுபடவில்லை. "அண்ணே, ஒடம்பு நெருப்பா கொதிக்குது. இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் இங்கயே தங்கிட்டுப் போலாமாண்ணே? காலையில மொத ஆளா நானே எழுந்து நடந்துர்றன்."

மதலேனாள் முகத்தைச் சாக்குப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அப்ப வீம்பு இல்ல" என்றாள். "என்ன வுட்டுட்டுப் போவணும்னு நடக்கல. இருக்கணும்னுதான் கேட்டிருக்காரு." "பாவி மனுஷா, வருஷம் பூரா உன்னத் திட்டினேனே, செத்தவனுக்கு ஒரு நல்ல வார்த்த சொல்லலியே நானு" என்று கொசுவின்மேல் நெற்றியை வைத்து அழுதாள். கொசு கலையவில்லை, கடிக்கவுமில்லை.

"மதலேனு, என்ன மன்னிச்சிரும்மா" என்றார் இன்னாசிமுத்து.

"மாட்டன்" என்றாள் அவள், திரும்பாமலே. "அத எங்கிட்ட கேக்காதீங்க, என்னால முடியாது. ஆனா அவரு கடைசியாப் பேசுனது உங்ககிட்டதான் இருக்குது. அத நீங்க ஒரு வருசமா ஒளிச்சி வெச்சிக்கினீங்க. இனிமே தெனம் ஒரு தடவ எங்கிட்ட வந்து சொல்லுங்க. அது எனுக்குச் சேர வேண்டியது."

மறுநாள் சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் இன்னாசிமுத்து சீட்டுக்குப் பதிலாக நடந்ததைத்தான் மாதா முன்னால் எல்லோருக்கும் சொன்னார். ஜனம் கேட்டது. திட்டியவர்கள் உண்டு, அவரோடு சாப்பிட உட்காராதவர்கள் உண்டு. பெரியநாயகம் மட்டும் எப்போதும்போல அவர் இலையில் ரசத்தை ஊற்றிவிட்டுப் போனார். சந்தியாகு காற்றில்லாத நேரமாகப் பார்த்து நடந்து, ஒரு நாள் பிந்தி, எல்லோருடனும் வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்தான். கோயிலுக்குப் போகிற மணல் வழியில் முழங்காலால் நடக்கிறவர்களோடு அவனும் தரையை ஒட்டித் தவழ்ந்து போனான், நேர்ச்சை முடிந்தது, கடல் காற்றில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து போனான். அன்றைக்கு மாதாங்குடிக்காரர்கள் எல்லோரையும் கொசு நன்றாகக் கடித்தது. யாரும் கை ஓங்கி அடிக்கவில்லை.

இப்போதெல்லாம் இன்னாசிமுத்து டெப்போ வேலை முடிந்து குளக்கரையைச் சுற்றாமல் நேர் தெருவில் வருகிறார். மதலேனாள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். அவள் கதவைத் திறந்து நிலையில் சாய்ந்துகொள்வாள். தெருவில் யாரும் அதை நின்று பார்ப்பதில்லை, பால்காரர் வருவதுபோல, தண்ணீர் திறந்துவிடுவதுபோல அதுவும் அந்தத் தெருவில் ஒரு நேரம் ஆகிவிட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, சந்தியாகு சொன்ன அதே வேகத்தில், உடம்பு கொதிப்பதைச் சொல்லி, ஒரு ராத்திரி மட்டும் தங்கிட்டுப் போலாமா என்று கேட்பார். மதலேனாள் அவரைப் பார்க்க மாட்டாள். அவர் தோளுக்கு மேலே, காலியாக இருக்கிற தெருவைப் பார்த்து, ரொம்ப மெதுவாக, "அதுக்கென்னாங்க, தங்கிட்டுப் போலாம்" என்பாள். கதவைச் சாத்திக்கொள்வாள்.

தினமும் அந்த மூன்று வார்த்தையைக் கேட்டுவிட்டுத்தான் இன்னாசிமுத்து வீட்டுக்குப் போகிறார்.